பசை காய்கிற நேரம்

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து, கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்குக் குடிபோனவள் நான். பகலில் பாரிமுனைப் பக்கம், துறைமுகச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போகிறேன். அதைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது, "நான் இன்னும் மாணவிதான், எங்கள் மாஸ்டரைக் கூப்பிடுங்கள்" என்றேன். மாஸ்டரோ, "மைக் முன்னாடி எனக்கு வாய் வராதும்மா, கைதான் வரும். நீயே போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். அதனால் வந்திருக்கிறேன்.

எல்லாம் ஒரு நாற்காலியில் ஆரம்பித்தது. என் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. நாள் முழுக்க நின்று பார்ப்பது. வீட்டுக்கு வந்தால் சாய்ந்து உட்கார ஏதாவது வேண்டும் என்று மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சாய்வு நாற்காலியை வாங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் போய்விட்டது. நாற்காலி இருந்தது. தேக்குச் சட்டம், நீளமான கைகள், முதுகுக்கும் இருக்கைக்கும் பிரம்புப் பின்னல். அப்பா போன பிறகு பிரம்பு அறுந்து, பின்கால் ஒன்று ஆட்டம் கண்டு, மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. பழைய சாமான் வாங்குகிறவர் 300 ரூபாய் தருவதாகச் சொன்னார். கொடுத்துத்தான் இருப்பேன். ஆனால் அவர் நாற்காலியைக் கவிழ்த்து, அடிச்சட்டத்தை நகத்தால் கீறிப் பார்த்து, கூட வந்த பையனிடம் மெதுவாக, "பர்மா தேக்குடா" என்றது என் காதில் விழுந்துவிட்டது. நாற்காலியைத் திரும்ப உள்ளே தூக்கி வைத்தேன்.

சரி, யார் பழுது பார்ப்பது? தெருவில் "சோஃபா ரிப்பேர்" என்று கூவிக்கொண்டு போனவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பிரம்பை எடுத்துட்டு பிளைவுட் அடிச்சு, ஃபோம் போட்டு, மேல ரெக்சின் தைச்சுடலாம்" என்றார். அப்பா கனவில் வந்து திட்டுவார் என்று அவரை அனுப்பிவிட்டேன். கடைசியில் யாரோ வழிசொல்லி வியாசர்பாடியில் ஒரு பட்டறைக்குப் போனேன். மாஸ்டர் ஆடுகிற காலை இரண்டு தரம் ஆட்டினார். மூட்டைச் சுரண்டி மோந்து பார்த்தார். "வச்சிரம் போட்டு ஒட்டுனது. பிரிக்கலாம்" என்றார். வச்சிரம் என்பது பழைய காலத்துப் பசை. அப்புறம் சொன்னதுதான் விஷயம். "நான் பண்ணித் தரேன், பத்து நாள் ஆகும். இல்லன்னா சாயங்காலம் ஏழு பேர் கத்துக்க வர்றாங்க. நீயும் வா, நீயே பண்ணு. பத்து மாசம் ஆகும்."

எனக்கு அப்போது 44 வயது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போய் நின்றேன். ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மகள் கல்லூரி விடுதியில், கணவருக்கு ஷிஃப்ட் வேலை, அந்த நேரத்தில் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது டிவி மட்டும்தான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன புதிதில் எனக்கு ஒரே சந்தேகம், நேரம் பற்றித்தான். ஐ.டி.ஐ.யில் தச்சர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. அங்கே பகல் முழுக்கப் படிக்கிறார்கள். நாங்களோ ஏழு முதல் ஒன்பது வரை, வாரத்துக்கு மூன்று நாள். ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர், ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பக்கம் வேலை பார்க்கிற நர்ஸ், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர், பாங்கில் ஓய்வு பெற்ற ஐயா, மூன்று கல்லூரிப் பிள்ளைகள், கடைசியாக நான். எல்லோரும் பகலில் வேறு எங்கோ களைத்துப்போய் வருகிறவர்கள். வாரம் ஆறு மணி நேரத்தில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு எங்கே தப்பு என்று சொல்லத்தான் இந்த இருபது நிமிடமும்.

முதல் மாதம் மரத்தையே தொடவிடவில்லை. உளி தீட்டினோம். தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு, உளியின் சாய்வு முகத்தைக் கல்லில் படியவைத்து, அந்தக் கோணம் மாறாமல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். 25 டிகிரி சாய்வு, நுனியில் மட்டும் 30. சொல்வது சுலபம். மணிக்கட்டு அரைக் கடுகளவு தூக்கினாலும் முகம் உருண்டுவிடும். உருண்ட உளி மரத்தில் இறங்காது, வழுக்கிக்கொண்டு போய் இடது கையில் இறங்கும். எனக்கு இறங்கியது, மூன்று தையல். தீட்டியாயிற்றா என்று பார்க்க மாஸ்டர் உளியை முன்கையில் வைத்து இழுப்பார். முடி சிரைத்துக்கொண்டு வர வேண்டும். அவர் இடது முன்கையில் ஒரு முடி கிடையாது, வலது முன்கையில் காடு. எந்தத் தச்சரைப் பார்த்தாலும் இப்போது முதலில் என் கண் அங்கேதான் போகிறது.

அவர் வேலை செய்வது தரையில் உட்கார்ந்து. சட்டத்தை இரண்டு கால் விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொள்வார், அந்தப் பிடி இரும்பு வைஸ் மாதிரி இருக்கும். எங்களுக்கு மட்டும் உயர மேஜை. "உங்க காலுங்களுக்கு செருப்பு போட்டுத்தான் பழக்கம்" என்பார்.

அளவு அங்குலத்தில்தான். அங்குலத்துக்கு எட்டு நூல். "ஒண்ணரை அங்குலம், ரெண்டு நூல் குறைச்சு" என்பார். அரை நூல் என்றால் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. பைசா பிசகாமல் கணக்கு முடிக்கிறவள் நான் என்ற கர்வம் எனக்கு உண்டு. முதல் சட்டத்தை அறுத்துக் கொண்டுபோனேன். மூலைமட்டத்தை வைத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகியது. ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அதற்கு அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மரம் வாங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழகுகிறவர்களுக்குத் தேக்கு எதற்கு? எங்களுக்குக் கிடைத்தது பேக்கிங் பெட்டி மரம். வடசென்னையில் இருப்பதில் இது ஒரு வசதி. துறைமுகத்தில் இறங்குகிற இயந்திரங்களும் உதிரி பாகங்களும் பைன் மரப் பெட்டிகளில்தான் வருகின்றன. உடைத்த பலகைகளை வாங்கி விற்கிறவர்கள் இங்கே நிறைய. பகலில் நான் பில் போடுகிற சரக்கின் சட்டை, மாலையில் என் மேஜைக்கு வந்து சேரும்! அந்தப் பலகைகளில் கோதுமைக் கதிர் படமும் சில எழுத்துகளும் முத்திரையாகச் சுட்டிருக்கும். எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. பட்டறையில்தான் தெரிந்துகொண்டேன். எச்.டி. என்றிருந்தால், பூச்சி சாக, பலகையின் உள்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடமாவது வைத்தது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை காட்டியது. எம்.பி. பலகையை மாஸ்டர் பட்டறைக்குள் விடமாட்டார். நீங்கள் பழைய பெட்டிப் பலகையில் அலமாரியோ கட்டிலோ செய்வதாக இருந்தால் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

நல்ல மரத்துக்கு வால்டாக்ஸ் ரோட்டுக் கடைகளுக்குப் போவோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் கட்டிவிட்டு, அதற்கான செலவை ஊர்க்காரர்களிடமே "வால் டாக்ஸ்", அதாவது மதில் வரி, என்று கேட்டார்களாம். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அது வ.உ.சி. சாலை, ஆனால் மரக்கடைக்காரர்கள் வால்டாக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். நான் தனியாகப் போனால், "வீட்ல ஜென்ட்ஸ் யாரும் வரலையாம்மா?" என்ற கேள்வி இன்றும் வருகிறது. கன அடி என்ன விலை என்று கேட்டு, வெளிறு இல்லாமல் வைரம் பாய்ந்த பக்கமாகக் கொடுங்கள் என்று சொன்ன பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். வெளிறு என்பது மரத்தின் வெளிப்பக்கத்து வெளுத்த பகுதி. பூச்சி முதலில் சாப்பிடுவது அதைத்தான். மனிதர்களை வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வைரத்தை விரலால் தொட்டுப் பார்த்தது அந்தக் கடையில்தான்.

இப்போது மூட்டுக்கு வருகிறேன். ஒரு சட்டத்தில் துளை, இன்னொன்றில் அந்தத் துளைக்குள் போய் உட்காருகிற கழுந்து. சட்டம் ஒன்றரை அங்குலக் கனம் என்றால் கழுந்து அதில் மூன்றில் ஒரு பங்கு, அரை அங்குலம். துளையை உளியாலும் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியாலும் எடுத்து, கழுந்தை ரம்பத்தால் அறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. சுத்தியால் அடித்து இறக்கினால் துளையின் ஓரம் பிளந்துவிடும். தொளதொளவென்று இருந்தால் எவ்வளவு பசை ஊற்றினாலும் நிற்காது. பிறகு ஃபெவிகால் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, வழிந்ததை ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும். அதோடு அன்றைய வகுப்பு முடிந்தது. முழுப் பலம் வர 24 மணி நேரம்.

முதல் தடவை எனக்கு இது எரிச்சலாக இருந்தது. எட்டே காலுக்குப் பசை தடவியாயிற்று, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறதே என்று அடுத்த வேலையை எடுக்கப் போனேன். மாஸ்டர் கிளாம்ப் போட்ட சட்டத்தைக் காட்டி, "அது வேலை செய்யுது, நீ வீட்டுக்குப் போ" என்றார். வியாழக்கிழமை வந்து கிளாம்பைக் கழற்றியபோது புரிந்தது. பகல் முழுக்க இந்தத் தொழில் செய்கிறவரும் இந்த மூட்டுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். அவர் அந்த நேரத்தில் இன்னொருவரின் கதவை இழைப்பார், நான் அலுவலகத்தில் பில் போடுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். பசைக்கு என்னுடைய வேலைநேரம் ஒத்துப்போகிறது.

பசை மட்டும் இல்லை. அறுத்த பலகையை உடனே இழைத்துச் சேர்த்தால் இரண்டு நாளில் முறுக்கிக்கொள்ளும், ஏனென்றால் உள்ளே இருந்த ஈரமும் இறுக்கமும் அறுத்த பிறகுதான் வெளியே வருகின்றன. செவ்வாய் அறுத்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனால், வியாழன் வரும்போது அது எந்தப் பக்கம் வளைய நினைத்ததோ வளைந்திருக்கும், அதற்குப் பிறகு இழைத்தால் போதும். அரக்கு பாலிஷும் அப்படித்தான். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பொட்டலத்தில் தொட்டு மெல்லிசாகப் பல தடவை பூச வேண்டும், இடையிடையே ஆறவிட வேண்டும். மழை நாளில் பூசினால் காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு மேலே வெள்ளை பூத்துவிடும். எங்கள் மாஸ்டர் ஐப்பசி, கார்த்திகையில் பாலிஷ் டப்பாவைத் திறக்கவே மாட்டார்.

மாஸ்டர் சொன்னதைக் கேட்டு நடக்காமல் நான் கெடுத்த மேஜை ஒன்று உண்டு. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில் ஈரக் காற்றில் ஊதும், வறண்ட காற்றில் சுருங்கும். மார்கழி முதல் வாரம், மழைக்காலம் முடிந்தும் முடியாததுமாக, மேஜையின் மேல்பலகையைச் சட்டத்தோடு நான்கு பக்கமும் பசை வைத்து, ஸ்க்ரூவும் முறுக்கி அசையாமல் பூட்டினேன். "கொஞ்சம் இடம் வுடுமா" என்று அவர் சொன்னது எனக்கு உறுதியில்லாத வேலை மாதிரி பட்டது. மே மாதம் கத்திரி வெயிலில் ஒரு ராத்திரி, பட்டாசு வெடித்தது போலச் சத்தம். எழுந்து பார்த்தால் பலகை நடுவில் பிளந்திருக்கிறது. பலகை சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை. ஸ்க்ரூ போகும் துளையை அகலவாக்கில் நீள்துளையாகப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த மேஜை மேல்தான் இந்த உரையை எழுதினேன். பேனா அடிக்கடி பிளவில் இறங்குகிறது.

சனிக்கிழமைகளில் குஷன் வேலை. அதற்கு வேறொரு மாஸ்டர், பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு உள்வேலை செய்யும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பூருக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. 1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பிய அதே காலத்தில் பெரம்பூரில் ரயில் பெட்டிப் பட்டறை வந்துவிட்டது. அன்றைய பெட்டிகள் மரத்தால் ஆனவை, ஆகவே அங்கே தச்சர்களுக்குத்தான் வேலை. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி ஐ.சி.எஃப். திறந்தபோது பெட்டி முழுக்க எஃகாகிவிட்டது. வெறும் கூட்டை மட்டும் செய்து அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், இருக்கையும் படுக்கையும் பொருத்துகிற பிரிவை 1962-ல் தொடங்கினார்கள். குஷன் மாஸ்டர் ஒவ்வொரு புதிய மாணவரிடமும் மது தண்டவதேயைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். 1977-ல் ரயில்வே அமைச்சரானவர். இரண்டாம் வகுப்பின் வெறும் பலகைப் படுக்கைக்கு இரண்டு அங்குல ஃபோம் போடவைத்தவர். "ரெண்டே அங்குலம்மா, எத்தனை கோடி முதுகு!" என்பார்.

பழைய சோஃபாவைப் பிரிப்பதுதான் இதில் முதல் பாடம். கிழிக்கக்கூடாது, பிரிக்க வேண்டும். கடைசியாக அடித்த துணி முதலில் வரும். வருகிற ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் எண் போட்டு எடுத்து வைத்தால் புதிய துணி வெட்ட அதுவே அச்சு. அடியில் சணல் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் முடைவது போல இழுத்து அடித்திருப்பார்கள். அதற்கு மேல் ஸ்பிரிங், கோணித்துணி, தேங்காய் நார், பஞ்சு, கடைசியாகத் துணி. இப்போது நாரின் இடத்தில் ஃபோம். உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி, முதுகுக்கு 32 போதும். டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். கடையில் கையால் அழுத்திப் பார்த்து மெத்தென்று இருப்பதை வாங்கினால் ஒரு வருடத்தில் குழி விழும். புதுத் துணி அடிக்கும்போது மூலையிலிருந்து தொடங்கக்கூடாது. நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஆணி, பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி. மூலையில் ஆரம்பித்தால் சுருக்கம் நடுவில் போய் நின்றுகொள்ளும், எடுக்கவே முடியாது.

நான் பிரித்த முதல் சோஃபா எங்கள் வீட்டுடையதுதான். அசல் தேக்கு என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்தார்கள், விலையும் தேக்கு விலை. கைப்பிடியும் காலும் தேக்குதான். துணியை எடுத்ததும் உள்ளே வரிசையாக பேக்கிங் பெட்டிப் பலகை! ஒன்றில் கோதுமைக் கதிர் முத்திரைகூட இருந்தது. எச்.டி. என்று பார்த்துக் கொஞ்சம் ஆறுதல். நர்ஸ் பிரித்த பழைய சோஃபாவில் இரண்டு ஹேர்பின், ஒரு பல்லவன் பஸ் டிக்கெட். அவருக்கு அதிர்ஷ்டம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகும். மரத்தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முகக்கவசம் போடுங்கள். துப்பட்டாவையும் புடவைத் தலைப்பையும் இறுக்கிச் செருகாமல் மிஷின் பக்கம் போகாதீர்கள்.

இந்த வேலை தலைமுறை தலைமுறையாக ஆசாரிமார் வீடுகளில் அப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. மற்றவர்கள் பட்டறை வாசலில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். மாஸ்டரின் மகன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறான், பட்டறைப் பக்கம் வருவதில்லை. கதவை எங்களுக்குத் திறந்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவரே சொல்வார். "என் புள்ள கத்துக்கல, ஊரான் வூட்டுப் பொண்ணு கத்துக்குது." இதை அவர் குறையாகச் சொல்கிறாரா பெருமையாகச் சொல்கிறாரா என்று ஒன்றரை வருடமாகக் கவனிக்கிறேன், நாளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

ஆமாம், பத்து மாதம் ஒன்றரை வருடமாகிவிட்டது. நாற்காலிக்கு வருகிறேன். வச்சிரம், தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. ஃபெவிகால் வந்தது 1959-ல். அதற்கு முன் தச்சர்களின் கையில் இருந்தது வச்சிரம்தான். அதில் ஒரு நன்மை, சூடான தண்ணீர் பட்டால் இளகிக் கொடுக்கும். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டில் சுற்றி, ஆறினால் மறுபடி நனைத்துச் சுற்றி, இரண்டு மாலை காத்திருந்தேன். மூன்றாம் நாள் கால் கழன்று கையோடு வந்தது. கழுந்து தேய்ந்திருந்தது. பக்கவாட்டில் தேக்குச் சீவல் ஒட்டி, ஆறவைத்து, செதுக்கிப் பொருத்தினேன். உட்பக்கத்தில் பென்சிலால் மூன்று கோடு கிழித்திருந்தது, மூன்றாவது கால் என்பதற்காக. எந்தக் காலத்தில், எந்த ஊரில் கிழித்தாரோ அந்தத் தச்சர். நான் அதை உப்புத்தாள் போட்டு அழிக்கவில்லை.

பிறகு பிரம்பு. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்த பிரம்புச் சீவலை, சட்டத்தின் துளைகள் வழியாக நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு ஓட்டம் ஓட்ட வேண்டும். அரசு அலுவலகங்களின் நாற்காலிகளுக்கு இந்தப் பின்னலைப் போட்டவர்களில் பார்வையற்றவர்கள் பலர். விரலே பார்க்கிற வேலை என்பதால் அது ஆச்சரியமில்லை. எனக்குத்தான் நான்காவது ஓட்டத்தில் கண் குழம்பி, இரண்டு முறை அவிழ்த்தேன். முதுகு முடிந்து மூன்று வாரமாகிறது. போன சனிக்கிழமை இரவு ஒன்பதே காலுக்கு இருக்கையின் கடைசி ஓட்டத்தை முடித்தேன். ஈரத்தில் தொய்வாகத்தான் இருந்தது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. காய்ந்தால் தானே இறுகும், விரலால் சுண்டினால் பறை மாதிரி சத்தம் கொடுக்கும் என்றார் மாஸ்டர்.

இன்று திங்கள். நாளை ஏழு மணிக்குப் போய்ச் சுண்டிப் பார்க்க வேண்டும். வணக்கம்.